தீச்சுவரிலே தூதுக்கு ஒரு வாயில்

சொல்லை விரித்துப் பொருள் காண்பதிலிருந்தே தொடங்குவோம்; அஃது எமது தொழில். ‘தீச்சுவர்’ என்னுஞ் சொல்லைப் பத்தாம் வகுப்பு மாணாக்கரிடம் கொடுத்து விரித்துரைக்கச் சொன்னபோது, வகுப்பிற் பாதிப்பேர் ‘தீயாலாகிய சுவர்’ என்று விரித்தனர். பொன்னாலாகிய குடம் பொற்குடம் ஆதல் போலத் தீயாலாகிய சுவர் தீச்சுவர் ஆயிற்று என்பது அவர்கள் கருத்து. இலக்கணத்திற் பிழையில்லை, பொருளிலேதான் பிழை. ஒரு வீட்டிற் பற்றிய நெருப்பு அடுத்த வீட்டுக்குத் தாவாதபடி இடையிலே எழுப்பப்படும் சுவருக்கே இப்பெயர் முதலில் வழங்கிற்று. கணினியாளர் அதனைக் கட்டடக் கலையிலிருந்து இரவல் பெற்றனர். ஆதலின், ‘தீயைத் தடுக்குஞ் சுவர்’ என இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகவே இதனை விரித்தல் வேண்டும்.

இவ்வேறுபாடு வெறும் இலக்கண விளையாட்டன்று. முதல் விரிவைக் கொள்பவர், எதுவும் உட்புகாத நெருப்பு மதில் ஒன்றை மனத்திற் காண்பர். இரண்டாம் விரிவைக் கொள்பவரோ, தடுக்க வேண்டிய தீ எது, விட வேண்டிய வழி எது என்று வினவுவர். யாம் முதல் விரிவைக் கொண்டு நடந்து பட்டறிந்தோம்.

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் கேட்டது தூது இலக்கியம் பற்றிய கட்டுரை. அன்னமும் கிளியும் தூது சென்றமையைப் பற்றி எம்மினும் வல்லார் பலர் எழுதியுள்ளனர். ஆகவே இக்காலத் தூதாகிய உடனடிச் செய்தியைக் கல்லூரி வலையமைப்பின் தீச்சுவர் வழியே எவ்வாறு தீங்கின்றி விடுவது என்பதனை எழுதத் துணிந்தோம். தமிழ் வாத்தியாருக்குக் கணினியில் என்ன வேலை என்று வினவுவார்க்கு ஒரு விடை உண்டு. கணினிக் கூடத்து விதிகளை நல்ல தமிழில் எழுதித் தருமாறு அதிபர் அவர்கள் எம்மைக் கேட்டார், எழுதிக் கொடுத்தோம். விதியை எழுதியவரே அதனைக் காக்கவும் வேண்டும் என ஆசிரியர் கூட்டத்தில் முடிவாயிற்று. எதிர்த்துரைக்க எமக்கு இடமிருக்கவில்லை.

2023 ஆம் ஆண்டு, பாட நேரத்தில் மாணாக்கர் கணினியில் அரட்டையடிக்கின்றனர் என்ற முறைப்பாடு வந்தது. யாம் யோசிக்கவில்லை. வட்ஸ்அப், வைபர், ரெலிகிராம் ஆகிய யாவற்றையும் கூடத்திலே அடைத்துவிடுமாறு தொழினுட்ப உதவியாளரிடம் கூறினோம். அடைக்கப்பட்டன. இரண்டு கிழமை கூடம் கோயில் போல அமைதியாக இருந்தது, யாமும் மகிழ்ந்திருந்தோம். மூன்றாங் கிழமை கணினி ஒன்று தானாகவே விளம்பரங்களைத் திறக்கலாயிற்று; பின்பு இயங்க மறுத்தது. அதனைத் துடைத்துப் புதிதாக அமைக்க நேர்ந்தது. துடைத்தபோது, உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் பல மாதங்களாக அதிலே செய்துவந்த செயற்றிட்டமும் உடன் அழிந்தது.

பின்னர் அறிந்தோம்: அவன் வெளிநாட்டிலிருக்கும் தன் தமையனிடம் செய்தி வழியாக ஐயங் கேட்டே அவ்வேலையைச் செய்துவந்தான். எமது தடை அவ்வழியை மூடிற்று. அதனைக் கடக்க இலவச விபிஎன் செயலி ஒன்றைத் தேடி எடுத்து அக்கணினியில் ஏற்றினான். அதனோடு வேண்டாதனவும் வந்து சேர்ந்தன. விதியை மீறியவன் ஆதலால் தன் இழப்பை ஒருவரிடமும் சொல்லாது மூன்று கிழமை வாய்மூடி இருந்தான். அவன் பிழை கால் என்றால் எம் பிழை முக்கால் என்பதே எமது தீர்ப்பு.

இஃது எம் கூடத்துக்கு மட்டுமே உரிய கதை அன்று. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்பிரலிலும், 2022 ஏப்பிரலிலும் நம் நாட்டிலே சமூக ஊடகங்களும் செய்திச் செயலிகளும் தடுக்கப்பட்டபோது, முன்பு விபிஎன் என்ற பெயரையே கேட்டிராதவர்களும் அதனைத் தேடி நிறுவிக்கொண்டமை வாசகர் பலருக்கு நினைவிருக்கும். விபிஎன் என்பது செய்திகளையெல்லாம் ஓர் உறையிலிட்டு மூடி வேறோர் இடத்திலுள்ள சேவையகத்துக்கு அனுப்பும் சுரங்கப் பாதை. நம்பத்தக்கவர் நடத்தினால் நல்ல கருவி. யார் நடத்துகின்றார் என அறியாத சுரங்கத்திலோ, நம் செய்தி முழுவதும் அறியாதவர் கைக்குப் போகின்றது. எமது தீச்சுவரும் அப்பொழுதே குருடாகின்றது.

யாழ்ப்பாணத்து வேலியை அறிந்தவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். வேலியிலே படலை இராவிட்டால் அயலார் பொட்டுப் பிரித்துக்கொண்டு போவர். அப்பொட்டு வழியே ஆடும் நாயும் வரும். நம் முன்னோர் இதனை அறிந்தே கண்டாயம் அமைத்தனர். ஆள் கடந்து செல்லவும் மாடு நுழையாதிருக்கவும் தக்கதாக அமைத்த வழி அது. மூடிய வேலியும் அன்று, திறந்த வெளியும் அன்று. தீச்சுவரில் யாம் அமைக்க வேண்டியது அத்தகையதொரு வழியே.

அவ்விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், வலையமைப்புப் பொறியியலாளர், இரண்டு நாள் எம்முடன் கூடத்திலே அமர்ந்தார். எம்மிடம் படித்தவர். அவர் கேட்ட முதற் கேள்வி, “எதைத் தடுக்க விரும்புகிறீர்கள், சேர்?” என்பது. விடை சொல்ல எம்மால் முடியவில்லை. அவர் கற்பித்தவற்றையே இனி எம் நடையிற் கூறுகின்றோம்.

இணையத்திலே எதுவும் முழுதாகச் செல்வதில்லை; சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்லும். ஒவ்வொரு பொதியின் மேலும், தபால் உறையின் மேல் உள்ளமை போல, அனுப்பும் முகவரி, பெறும் முகவரி, இரு பக்கத்து வாயில் எண்கள், எந்த நெறிமுறை என்னும் ஐந்தும் எழுதப்பட்டிருக்கும். வாயில் என்று யாம் கூறுவது ஆங்கிலத்திலே போட் எனப்படுவது. ஒரு கணினிக்கு முகவரி வீட்டிலக்கம் என்றால், வாயில் அவ்வீட்டின் அறைக்கதவு. 65,535 வரை எண் உண்டு. வலைப்பக்கம் 80 இலும், மறைகுறியாக்கப்பட்ட வலைப்பக்கம் 443 இலும், மின்னஞ்சற் சேவையகங்கள் தம்முட் பேசுவது 25 இலும் நடைபெறும். பழைய தீச்சுவர் இவ்வைந்தையும் பார்த்து விடும் அல்லது தடுக்கும். பிற்காலத்தது அதனினும் ஒருபடி மேல்: உள்ளேயிருந்து யார் எங்கே பேசத் தொடங்கினார் என்பதை நினைவில் வைத்து, அப்பேச்சுக்கு வரும் மறுமொழியை மட்டும் உள்ளே விடும். கேளாமல் வரும் பொதியைத் தள்ளிவிடும்.

1988 நவம்பர் 2 ஆந் திகதி மொறிஸ் என்பார் விடுத்த புழு அன்றைய இணையத்துக் கணினிகளிற் பத்திலொரு பங்கை முடக்கிற்று என மதிப்பிடப்பட்டது. இத்தகைய காவலின் தேவையைப் பலரும் உணர்ந்தது அதன் பின்னரே.

இங்கே ஓர் உண்மையை அழுத்திக் கூறல் வேண்டும். இதனை அறியாமையாலேயே பலர் இடர்ப்படுகின்றனர். உடனடிச் செய்திக்கு வெளியிலிருந்து உள்ளே எந்தக் கதவையும் திறக்க வேண்டியதில்லை. செயலியானது உள்ளேயிருந்து வெளியே உள்ள சேவையகத்தை அழைத்து, அத்தொடர்பை மூடாது பிடித்துக்கொண்டிருக்கும். நண்பர் அனுப்புஞ் செய்தி, ஏலவே திறந்திருக்கும் அவ்விழையின் வழியே இறங்கி வரும். ஆகவே உட்புகும் பக்கத்தில் ‘யாவும் தடை’ என்று எழுதிவிடலாம்; வெளிச்செல்லும் பக்கத்தில் மட்டும் இன்ன இடத்துக்கு, இன்ன வாயிலில் என்று எழுதினாற் போதும். “செய்தி வர வேண்டுமே, உள்ளே திறவுங்கள்” என்று யாரேனும் சொன்னால் நம்பற்க.

அக்காலத்திலே திறந்தவர் உண்டு. எம்எஸ்என் மெசெஞ்சர் 1999 இல் வந்தது. செய்திக்கு 1863 ஆம் வாயில். ஆனாற் கோப்பு அனுப்பும்போது இரு கணினிகளும் சேவையகத்தை விடுத்து நேரே கைகோத்துக்கொள்ளும். அதற்கு 6891 முதல் 6900 வரையுள்ள வாயில்களை உள்ளே திறந்து வைக்கலாயினர். அவ்வாறு நேரே கைகோக்கும்போது ஒருவர் முகவரி மற்றவர்க்குத் தெரிந்துவிடும். கதவும் திறந்து முகவரியும் தெரிந்தால் கள்வனுக்கு வேறென்ன வேண்டும்?

மூடியவரும் வென்றாரல்லர். 1997 இல் வந்த ஏஓஎல் செய்திச் செயலி 5190 ஆம் வாயிலை நாடும். அதை அடைத்தால் வேறு வாயிலைத் தேடும். யாகூவின் செயலி 5050 ஐ நாடும். அடைத்தால் வலைப்பக்கத்துக்குரிய 80 வழியே புகுந்து செல்லும். வாயிலெண்ணை மட்டும் பார்க்குங் காவலாளனுக்கு அது வலைப்பக்கம் போலவே தோன்றும். இச்செயலிகள் யாவும் இன்று இல்லை. எம்எஸ்என் 2013 இல் பெரும்பாலும் ஓய்ந்தது. ஏஓஎல் 2017 டிசம்பரிலும், யாகூ 2018 யூலையிலும், இவற்றுக்கு மூத்ததாய் 1996 இல் வந்த ஐசீகியூ 2024 யூனிலும் மூடப்பட்டன. இவற்றிலே பேசிப் பழகிய பழைய மாணவர் இதனை வாசித்துப் பெருமூச்சு விடலாம். ஆனால் அவை கற்பித்த தந்திரம் நின்றுவிடவில்லை. இன்றைய செயலிகளிற் பெரும்பாலன 443 ஆம் வாயிலையும் பயன்படுத்துகின்றன. அதனை அடைத்தால் வங்கியும் பரீட்சைப் பெறுபேறும் உடன் அடைபடும்.

இனி, அனுமதித்த வழியே வருந் தீங்கு. 2005 ஏப்பிரலிலே கெல்விர் என்னும் புழு ரொய்ட்டர் நிறுவனத்தின் செய்திப் பரிமாற்றச் சேவையிற் புகுந்தது. நிறுவனம் சேவையையே சிலகாலம் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அப்புழு சுவரை உடைக்கவில்லை. அறிந்த நண்பரின் பெயரிலே ஓர் இணைப்பை அனுப்பி, இதைப் பார் என்றது, பார்த்தவர் பட்டார். 2019 மே மாதம் வெளியான வட்ஸ்அப் குறைபாடு இன்னுங் கொடியது: அழைப்பொன்று வந்தாலே போதும், எடுக்க வேண்டியதும் இல்லை, உளவு மென்பொருள் தொலைபேசியில் அமர்ந்துகொள்ளும். செயலியைப் புதுப்பித்தலே அதற்கு மருந்தாயிருந்தது. தீச்சுவர் இவ்விரண்டிலும் குற்றமற்றது, பயனுமற்றது.

இவற்றையெல்லாம் கேட்டபின் எம் விடையைக் கண்டோம். யாம் தடுக்க விரும்பியது பேச்சையன்று. அறியாதவர் பிள்ளைகளை அணுகுதல், பாடவேளை வீணாதல், அலுவலகத்துப் புள்ளிப் பட்டியல்களுக்குக் கேடு வருதல் என்னும் மூன்றுமே. மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை.

முதலிலே ஒரே வலையமைப்பாக இருந்ததனை மூன்றாகப் பிரித்தோம்: அலுவலகம், கணினிக் கூடம், விருந்தினர். கம்பி ஒன்றாயினும் ஆளியிலே அமைப்பை மாற்றி இவ்வாறு பிரிக்கலாம். புதிய செலவு மிகுதியாக இல்லை. விருந்தினர் பகுதியிலிருந்தோ கூடத்திலிருந்தோ அலுவலகத்தை நோக்கி ஒரு பொதியும் செல்லாது. எமக்கு ஒன்று மட்டுமே செய்ய வாய்ப்புண்டு என்றால் இதனையே செய்வோம். மற்றவை யாவும் இதற்குப் பின்.

அடுத்து, கல்லூரிக்குள்ளேயே ஒரு தூதகம் அமைத்தோம். 1999 இல் ஜெரமி மில்லர் என்பார் ஜாபர் என்ற பெயரில் வெளியிட்ட திறந்த முறை, 2004 இலே எக்ஸ்எம்பிபி என்னும் பொது நெறிமுறையாயிற்று. அதனைப் பின்பற்றும் சேவையகத்தை எவரும் விலையின்றி நிறுவலாம். மின்னஞ்சல் போல, யாரும் தனியுரிமை கொண்டாட முடியாதது. யாம் தேர்ந்த மென்பொருளின் பெயர் புரோசடி. அச்சொல்லின் பொருள் யாப்பிலக்கணம்! தமிழாசிரியர் கைக்கு வரும் கணினிப் பொருள் அப்பெயர் கொண்டு வந்தமை எமக்குப் பெரு மகிழ்ச்சி தந்தது. பழைய சிறு கணினி ஒன்றே அதனை இயக்கப் போதுமாயிற்று.

அதிலே செய்த அமைப்புகள் சில. செயலி சேவையகத்தோடு பேசுவது 5222 ஆம் வாயில். கூடத்திலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் அச்சிறு கணினியின் முகவரிக்கு மட்டும் அவ்வாயில் திறந்துள்ளது. ‘எவ்விடத்துக்கும் 5222’ என்று முதலில் யாமே எழுதிவிட்டோம். பொறியியலாளர் சிரித்துவிட்டு, அது பொட்டு, கண்டாயம் அன்று என்றார். மற்றைச் சேவையகங்களோடு பேசும் 5269 ஆம் வாயிலை நிறுத்தியுள்ளோம். ஆகவே வெளியாள் எவரும் உள்ளே உள்ள மாணாக்கனுக்கு எழுத முடியாது. மறைகுறியாக்கம் இல்லாத தொடர்பு ஏற்கப்படுவதில்லை. கணக்கைத் தானே திறக்கும் வசதி இல்லை. வகுப்பாசிரியர் தரும் பட்டியற்படியே திறக்கப்படும். விலகியவர் கணக்கு அன்றே மூடப்படும். கோப்புக்கு அளவு வரம்புண்டு. இயங்கு கோப்பு அனுப்பலாகாது. குழு அறை ஒவ்வொன்றிலும் ஆசிரியர் இருவர் இருப்பர். ஒருவர் போதாதா என்றனர் சிலர், போதாது என்றோம்.

செய்திகள் சேவையகத்திலே ஒரு காலம் வரை சேமிக்கப்படும் என்பதனை மாணாக்கருக்கும் பெற்றோருக்கும் எழுத்திலே தெரிவித்தோம். மறைவாகக் காவல் செய்வதற்கு எம் மனம் ஒப்பவில்லை.

தமையனோடு பேச விரும்பிய அம்மாணாக்கன் செய்தது தவறான ஆசையன்று என்பதால், அதற்கும் ஒரு வழி வைத்தோம். பாடம் முடிந்தபின் பி.ப. 2 மணி முதல் 4 மணி வரை, வட்ஸ்அப்பின் வலைப்பக்க வடிவம் கூடத்துக் கணினிகளிலே திறக்கும். தீச்சுவருக்கு நேரமும் சொல்லிக் கொடுக்கலாம் என்பது எமக்கே அன்றுதான் தெரிந்தது. பெயரைக்கொண்டு விதி எழுதுதல் நன்று. சேவையக முகவரி எண்கள் அடிக்கடி மாறுவன, எண்ணைக்கொண்டு எழுதிய விதி சில மாதங்களிற் பழுதாகும்.

விருந்தினர் பகுதியிலே முதலில் ஒரு புதிர் ஏற்பட்டது. தொலைபேசியிற் செயலியைத் திறந்தாற் செய்தி வருகின்றது. திறவாதபோது மணி ஒலிப்பதில்லை. காரணம் யாதெனில், மணியை ஒலிப்பிப்பது செயலியன்று. அப்பிள், கூகிள் நிறுவனங்களின் அறிவிப்புச் சேவை. அப்பிளுக்கு 5223, கூகிளுக்கு 5228 முதல் 5230 வரையுள்ள வாயில்கள் வெளிநோக்கித் திறந்திருத்தல் வேண்டும். திறந்தோம், மணி ஒலித்தது. குரலழைப்பு வேறு வகையானது. அது யூடிபி என்னும் விரைவு நெறிமுறையிற் செல்வது. இருவரும் சுவர்களுக்குப் பின்னே இருப்பின் ஒருவரையொருவர் கண்டுகொள்ள 3478 ஆம் வாயில் உதவும். பேச்சற்றிருக்கும் தொடர்பைச் சுவர் மிக விரைவில் மறந்துவிட்டாலும் கேடுண்டு. யூடிபித் தொடர்பை இரண்டு நிமிடத்துக்கு முன் மறத்தலாகாது என்பது இணையத் தரநூலார் விதி. எம் கருவியிலே அது முப்பது விநாடியாக இருந்தது. பழைய மாணவர்களின் அழைப்புகள் அறுந்து அறுந்து போனதற்குக் காரணம் அதுவாயிருக்கலாம் எனக் கருதி மாற்றினோம்.

மறைகுறியாக்கத்தைச் சுவரிலேயே உடைத்துப் படித்துப் பார்க்குங் கருவியும் விற்பனைக்கு உண்டு என்று ஒருவர் வந்து கூறினார். கல்லூரிக் கணினிகளில் ஒரு பொய்ச் சான்றிதழை ஏற்றினால் அது கைகூடும். வேண்டாம் என்றோம். வட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் அனுப்புவோனிலிருந்து பெறுவோன் வரை பூட்டப்பட்டே செல்கின்றன. அக்கருவியாலும் அவற்றைப் படிக்க இயலாது. படிக்கக் கூடியன ஆசிரியரின் வங்கிக் கடவுச்சொல்லும் மருத்துவக் கடிதமுமே. அவற்றைப் படிக்க எமக்கு உரிமை ஏது? எவர் எந்நேரம் எச்சேவையகத்தைத் தொடர்புகொண்டார் என்னும் பதிவேடு மட்டும் முப்பது நாள் வைக்கின்றோம், பின் அழித்துவிடுகின்றோம்.

இணைப்பைத் தொடுமுன் அனுப்பியவரை வேறு வழியாகக் கேட்டறியும் பழக்கத்தைத் தவணை தோறும் ஒரு பாடவேளையில் கற்பிக்கின்றோம். ஒருமுறை யாமே அம்மாணாக்கர்க்கு ஆசிரியர் பெயரில் ஒரு போலிச் செய்தி அனுப்பிப் பார்த்தோம். முப்பத்திருவருள் ஒன்பதின்மர் தொட்டுவிட்டனர். அடுத்த தவணையில் நால்வர். ஆசிரியர் ஓய்வறையிலே அதே சோதனையைச் செய்தபோது கிடைத்த எண்ணை இங்கே எழுதாது விடுகின்றோம்.

செயற்றிட்டத்தை இழந்த மாணாக்கன் அதனை மீண்டுஞ் செய்தான். இம்முறை பிரதி இரண்டு இடங்களில் இருந்தது. விழா நாளிலே கல்லூரிக்கு வரும் பழைய மாணவர்கள் விருந்தினர் வைபையில் இணையலாம். கடவுச்சொல் அலுவலக முகப்பிலே எழுதப்பட்டிருக்கும். பிறநாட்டிலுள்ள வகுப்புத் தோழர்க்கு மண்டபத்திலிருந்தே அழைப்பெடுக்கலாம். அலுவலக அச்சுப்பொறி மட்டும் தங்கள் தொலைபேசியிலே தோன்றாது. அதன்பொருட்டு எம்மைத் தேட வேண்டா.